சரண்யாவின் பெயர் அட்டை

அன்புள்ள அம்மாவுக்கு, பேச்சியம்மாளின் வணக்கம். நான் சுகம். உன் முட்டுவலி தேவலையா?

தி.நகர் புடவைக் கடையில் சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் அக்கா, "உன் பேரு இங்க செட் ஆவாதும்மா" என்று சிரித்து, 'சரண்யா' என்ற பழைய பெயர் அட்டையைக் குத்திவிட்டார்.

நேற்று புடவை பார்க்க வந்த மயிலாப்பூர் மாமி அட்டையைப் படித்ததும் வெளிறிப்போனார். "இதே இடத்துல சரண்யான்னு ஒருத்தி நின்னுண்டிருந்தாளே. அவ செத்துப்போயிட்டான்னு கடையில சொன்னாளே!" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

இன்று அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் முன்பின் பார்க்காத ஒரு பெரியவர் நேரே என்னிடம் வந்து, "இன்னா சரண்யா, உடம்பு சரியாயிடுச்சா?" என்றார். என்னையறியாமல் "ஆயிடுச்சு" என்றேன்.

பயப்படாதே அம்மா. தேங்காய் எண்ணெய் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. சாப்பாட்டு நேரம் முடிந்தது, ஓடுகிறேன்.

உன் மகள்,
பேச்சி