டிஸ்க்கில் வைத்த பொட்டு

ஞாயிறு, இரவு.

என் க்ரூஸர் பைக்குக்குப் புது முன் ஃபோர்க்கும் இரட்டை டிஸ்க் பிரேக்கும் மாட்டி, மெக்கானிக் சேகர் மத்தியானம் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். நான் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினேன்.

அபிஷேகப்பாக்கம் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போய் நெல்லுக்குள்தான் நின்றது. நெல்லுக்காரம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது. அந்தக் கடுப்பில் சேகருக்கு போன் போட்டு, "இன்னாடா வேல செஞ்ச நீ?" என்று கத்தினேன்.

பாவம், உடனே வந்தான். டிஸ்க்கைத் தடவி, சிவந்த விரலை மோந்து பார்த்தான்.

"இன்னாண்ணே, எண்ணெயில குங்குமம் கொழச்சி டிஸ்க்குலயா பொட்டு வெப்ப?"

வைத்தது நான்தான். இரண்டு டிஸ்க்கிலும், தாராளமாக.

டிஸ்க்கைத் துடைத்து, பிரேக் பேடை உப்புத்தாளில் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பும்போது புது ஃபோர்க்கில் பள்ளமே தெரியவில்லை. பிரேக்கைத் தொட்டால் நிற்கிறது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சாப்பிட்டதும் போன் போட்டு, "பிரேக் சூப்பரா பிடிக்குதுடா" என்று மட்டும் சொன்னேன்.

"பொட்ட டேங்க்ல வெய்யிண்ணே" என்று சிரித்தான்.

இப்போதுதான் வைத்துவிட்டு வந்தேன்.