ஐவி, நான்காம் மாடி

ரஞ்சனி தாத்தாவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். போனில் பேசினால் மருமகள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் நம் பையன் குடியிருக்கும் இந்த அடுக்குமாடிக்கு ஐவி என்று பேர். இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போகும்போது, என் பாதுகாப்புக்காக, வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். பால்கனிக் கம்பியில் பிளாஸ்டிக் கொடி சுற்றியிருக்கிறது. அதுதான் ஐவியாம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, தன் சாவியால் கதவைத் திறந்த ரஞ்சனியிடம் அர்த்தம் கேட்டேன். போனில் பார்த்தாள்.

"ரொம்பப் பழைய இங்கிலீஷ் வார்த்தை ஆயா. ஏறுறதுன்னு சொல்றாங்க. கரெக்டா யாருக்கும் தெரியாதாம்."

"ஏறிடுச்சி, சரி. எறங்கத் தெரியுமான்னு பாத்து சொல்லு."

சிரித்தாள். வெளிநாட்டில் பெரிய காலேஜ் சுவரெல்லாம் இந்தக் கொடிதானாம். இலையில் இருமல் மருந்துகூடச் செய்கிறார்களாம்; அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினாள். அஞ்சாவது படித்தவளின் பேத்தி எப்படிப் பேசுகிறாள் பாருங்கள்!

எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் கூப்பிட்டதாக மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்திருக்கும். வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். ராத்திரியெல்லாம் இருமல், பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லுங்கள். பாட்டிலோடு நானே கிளம்பிவிடுவேன்.

லிப்டிலிருந்தே இருமிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி