ஓடும்போது பார்த்திருக்கணும், அண்ணே

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. சபைப் பத்திரிகையில் உனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படமும் ஒரு வேதவசனமும் போட்டால் போதும் என்று மதினி சொன்னாங்க. நான்தான் எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கினேன். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அடக்கத்தன்று வரவில்லை, நாற்பதாம் நாள் ஜெபத்திலும் வரவில்லை. காலையில் குகட்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறுகிறேன், எட்டு மணி நேரம் டைப் அடிக்கிறேன், திரும்பி வருகிறேன். அடித்த கடிதத்தில் ஒரு தப்பு இருக்காது. ஆபீசில் எல்லோரும் நான் தேறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

உன்னை அறியாதவர்களுக்கு உன் வண்டியைப் பற்றிச் சொல்லாமல் உன்னைப் பற்றிச் சொல்ல முடியாது. சர்க்கரை வியாதியில் உன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கு பீக்கரும் டெஸ்ட் ட்யூபும் விற்பது உன் தொழில். ஸ்கூட்டர் இனி ஓட்ட முடியாது. சாதாரணக் காரில் கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். அப்போதுதான் யாரோ பங்களாவைக் காலி செய்கிறார்கள், அங்கே ஒரு பழைய அமெரிக்கக் கார் நிற்கிறது, அதில் கிளட்சே கிடையாது, கியர் தானாக மாறும் என்று கேள்விப்பட்டாய். நீ குடியிருந்த மெட்டுகுடா சந்தில் அது நுழைந்த அன்று இரண்டு பக்கமும் சைக்கிளை எடுத்து வழி விட்டார்கள். சபையில் அதைக் கப்பல் என்றார்கள். நீ கண்டுகொள்ளவில்லை. பின்சீட்டில் வைக்கோல் பரப்பி அதற்குள் கண்ணாடிச் சாமான்களை அடுக்கி, நாலு வருஷம் ஊர் ஊராகப் போய் வந்தாய்.

அப்புறம் வண்டி மக்கர் செய்தது. கியர் கம்பியை 'டிரைவ்' என்ற இடத்துக்குத் தள்ளினால் உடனே கிளம்பாது. ஐந்தாறு விநாடி யோசித்துவிட்டு ஒரு குலுக்கலோடு நகரும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறவேண்டிய இடத்தில் இன்ஜின் மட்டும் அலறும், வேகம் ஏறாது. மேட்டில் ஏறும்போதும் வண்டி நன்றாகச் சூடானபிறகும் இன்னும் மோசம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அரைநாள் ஆபீஸ் முடிந்து நான் வருவேன். நீ ஸ்டியரிங் முன்னால் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். எந்த வேகத்தில் நழுவியது, எந்தத் தெருவில், வண்டி சூடா இல்லையா, எல்லாம் எழுதுவாய். ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கம்பியின் நீளத்தைக் கூட்டிப் பார்த்தோம், குறைத்துப் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை.

கியர் பெட்டியில் ஆயில் பார்ப்பது என் வேலை. ஆயில் அளவு காட்டும் குச்சி பானெட்டுக்குள் உள்ளே தள்ளி இருந்தது. கட்டைக்காலோடு அவ்வளவு தூரம் குனிந்தால் உனக்குத் தடுமாறும்.

"ஆயில் எவ்வளவு காட்டுதுட்டி?" என்று உள்ளேயிருந்து கேட்பாய்.

"ஃபுல்லா இருக்கு, அண்ணே."

"கருகின வாசனை வருதா?"

"இல்லை. புது ஆயில் மாதிரி சிவப்பாத்தான் இருக்கு."

"அப்ப ஆயில் இல்லை" என்று நோட்டில் ஒரு கோடு போடுவாய். குற்றம் ஆயிலில் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கோடு.

இன்ஜினை நிறுத்தி, ஆயில் அடங்கட்டும் என்று கால்மணி நேரம் காத்திருந்துதான் நான் குச்சியை எடுப்பேன். இன்ஜின் ஆயிலை அப்படித்தானே எல்லோரும் பார்க்கிறார்கள். இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன். வண்டியோடு புத்தகம் எதுவும் வரவில்லை. கேட்க ஆளும் இல்லை.

மெக்கானிக் காதர் பாய் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "நக்கோ சாப், இதைத் திறக்க வேண்டாம். திறந்தா திரும்ப மூட எனக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுட்டு சாதா கியர் பெட்டி வெச்சுத் தர்றேன்" என்றார். உன் காலைப் பார்த்ததும் அவருக்கே தர்மசங்கடமாகி, சாயா கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு நாள் பாலத்து மேட்டில் வண்டி நின்று பின்னால் உருண்டது. பின்னால் பஸ். நல்லவேளை, நீ பிரேக்கைப் பிடித்துவிட்டாய். ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். நீ வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் யாரோ சொல்லித்தான் மதினிக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வண்டியை நீ தொடவில்லை. ஆறு மாசம். பள்ளிக்கூடங்கள் வேறு ஆளிடம் வாங்கப் பழகிவிட்டன. நான் வரும்போதெல்லாம் நீ ஜன்னலோரம் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். ஒரு செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தவன் அப்படியே சரிந்தாய். நெஞ்சுவலி என்றார்கள்.

இரண்டு மாசம் கழித்து வண்டியை விற்கப் பேப்பரில் போட்டோம். லோத்குண்டாவிலிருந்து ஒருவர் வந்தார். ரிட்டயர்டு சுபேதார், வேலூர்ப் பக்கம். ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பார்த்தவர். அவருக்கு இடது முழங்கால் மடங்காது. அதனால்தான் இந்த வண்டியைத் தேடி வந்திருந்தார். குறையை மறைக்கவேண்டாம் என்று உன் நோட்டை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

"ஆயில் யாரும்மா பார்த்தது?"

"நான்தான்."

"இன்ஜின் ஓடும்போதா?"

"நிறுத்திட்டு."

அவர் நோட்டை மூடினார். வண்டியைக் கிளப்பி, சூடாகும் வரை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, ஓடும்போதே குச்சியை உருவினார். துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். நுனியில்கூட ஆயில் இல்லை.

"இதுல ஓடும்போதுதான் பார்க்கணும்மா. நிறுத்தினா மேலே இருக்கிற ஆயில் எல்லாம் கீழே இறங்கிடும், குச்சியில நிறையக் காட்டும். கீழே ஒரு சீல் கசியுது. மண் தரையாச்சே, கசிஞ்சது தெரிஞ்சிருக்காது."

அவர் ஆயில் வாங்கி வந்து ஊற்றிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அதே பாலத்து மேட்டில் ஏற்றினார். கியர் மாறியது எனக்குத் தெரியவே இல்லை. அவர்தான், "மாறிடுச்சு" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய், அண்ணே? திட்டியிருப்பாயா?

திரும்பி வந்தபோது மதினி வாசலில் நின்றாங்க. "ஓடுதா?" என்று கேட்டாங்க. "அவர் ஏதோ பெரிய ரிப்பேர் பண்ணினார்" என்று சொன்னேன். வாயில் வந்த பொய். அதை வைத்துக்கொண்டு பத்து மாசம் இருந்தேன். இரண்டு பாட்டில் ஆயிலுக்காக நீ ஆறு மாசம் வீட்டுக்குள் கிடந்தாய் என்று உன் பெண்சாதியிடம் எப்படிச் சொல்வது?

போன ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சொன்னேன். முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றையும் விடாமல். அவங்க கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும் கிரேஸ். அன்னைக்கே நீ உள்ளே போனதும் வாசல்ல வெச்சு சுபேதார்கிட்ட கேட்டேன். அவர் சொல்லிட்டார்."

"பத்து மாசமா ஏன் சொல்லலை மதினி?"

"நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய்ந்தேன். அவங்களே மேலே சொன்னாங்க. "கல்யாணம் ஆகி பத்தொன்பது வருஷம். உங்க அண்ணன் வேலைநாள்ல என்கூட உக்காந்து மத்தியானம் சாப்பிட்டது அந்த ஆறு மாசம்தான். தினம் கதை சொல்லுவாக. நான் சிரிச்சுச் சிரிச்சு சோறு ஆறிப்போகும். வண்டி சரியாகிடக் கூடாதேன்னு நான் ஜெபமே பண்ணியிருக்கேன். அந்தப் பாவத்தை நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

நீ சிரித்தாயா, அண்ணே? நான் பார்த்த சனிக்கிழமைகளில் நீ சிரிக்கவே இல்லையே. எனக்காகவா அப்படி உட்கார்ந்திருந்தாய், அல்லது அவங்களுக்காகச் சிரித்தாயா? எது நீ?

இதைக் கேட்டதும் பாரம் குறைந்தது என்று எழுதினால் பொய். குறையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கீரையை ஆய்ந்து முடித்தோம், அவ்வளவுதான். காம்புகளைப் பேப்பரில் சுருட்டி நான்தான் வெளியே போட்டேன்.

இனி சனிக்கிழமைகளில் ஆபீஸ் விட்டதும் நேராக மெட்டுகுடாவுக்கே வருகிறேன், அண்ணே. மத்தியானச் சாப்பாடு மதினியோடுதான். நீ சொன்ன கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்வேன். எனக்குத் தெரியாத அண்ணன் ஒருவன் அவங்களிடம் இருக்கிறான். அவனைத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
கிரேஸ்