கன்றின் காது ரத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வேண்டாமென்ற கடற்கரைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் எழுதுகிறேன்; மன்னியுங்கள்.

செவலைப் பசு செத்துவிட்டதாக அம்மா போனில் அழுதாள். மூத்திரம் காப்பி நிறத்தில் போனதாம். அது கண்ணேறு இல்லை அப்பா, உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை அன்றே பார்த்திருந்தால் ஊசியில் பிழைத்திருக்கும்.

டாக்டர் ரத்தம் தடவிக் கொடுத்த கண்ணாடித் துண்டுடன் நான் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வக வாசல்வரை வந்தீர்களாம். "'உள்ள ஒம்ம மவதான் இருக்கா, போவும்'னேன். 'அப்பிடின்னா வேண்டாம்'னு திரும்பிட்டாரு பிள்ளே" என்றார் வாட்ச்மேன்.

அன்று நான் மைக்ராஸ்கோப் முன்னால் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

கன்றையும் அதே உண்ணிகள்தான் கடிக்கின்றன. காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள். நான் பார்த்து முடிக்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அப்பா.

உங்கள் மகள்