உப்பா, பெருநாளா?

ஹஜ் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள், வியாழன்.

கீழக்கரையில் என் நர்சிங் ஆய்வுக்காக இரண்டாம் முறை பிரஷர் அளப்பது இன்றோடு முடிந்தது. பிரஷர் உள்ள பெண்களுக்கு, உப்பைக் குறைக்கச் சொல்லி ஆறு வாரம் வகுப்பெடுத்தேன். வகுப்புக்கு முன்பு இருந்ததைவிட இப்போது ஏறக்குறைய எல்லாருக்கும் இறங்கியிருக்கிறது. கடைசியாக வந்த ஜமீலா அக்காவிடம், "பாத்தீகளா, உப்பைக் குறைச்சதும் எப்படி இறங்கிருச்சு!" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "உப்பெல்லாம் எங்க சிஸ்டர் கொறைச்சேன்? அவுக துபாய்ல இருந்து பெருநாளைக்கு வந்திருக்காக. ரெண்டு வருசத்துக்கப்புறம் இப்பத்தான் ராத்திரி நிம்மதியாத் தூங்குறேன்."

கருவியைச் சுருட்டுவதை விட்டுவிட்டுப் பெயர்ப் பட்டியலை எடுத்தேன். அதில் பாதிக்கு மேல் புருஷன் வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகள். எத்தனை வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறதோ, நான் கேட்டதே இல்லை. வகுப்புக்கு வராத பெண்களையும் இரண்டு முறை அளந்திருந்தால், எது உப்பால் இறங்கியது, எது புருஷன் வந்ததால் இறங்கியது என்று பிரித்திருக்கலாம். வெளியூரான முதுகுளத்தூர்க்காரி எனக்கு இது தோன்றவில்லை. தோன்றவில்லை என்றால் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு விடுவாரா? காலையிலேயே போன் போட்டு, ஆய்வு வெற்றி என்று அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஆய்வறிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது அக்கா சொன்னார்: "ஞாயித்துக்கெழம அவுகளுக்கு பிளைட்டு. அதுக்கப்புறம் ஒருக்கா வந்து பாருங்க."

போய் அளந்தால், ஆள் வந்ததால்தான் இறங்கியதா என்று தெரிந்துவிடும். அக்காவுக்குப் பிரஷர் ஏறியிருக்கக் கூடாது என்று இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதை அவருக்காக வேண்டுகிறேனா, எனக்காகவா என்றுதான் தெரியவில்லை.