தொண்ணூற்றேழாம் வருசத்து டீம்

21.1.2008, திங்கள்

காலையில் உப்புமா. பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது.

யுனிவர்சிட்டி மேட்ச் வருகிறது. கோச் கர்ணன் சார் பேஸ்கட்பால் பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் ஆபீஸ் வாசலில் அந்தப் படத்துக்குக் கீழே நிறுத்தினார். மெஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் நேராகத் தெரியும். தொண்ணூற்றேழில் கப் வாங்கிய டீம். அதில் உள்ள பெயர்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தார்.

"இவுகளுக்கு மொத்தமே ஏழு ஜோடி ஷூ. மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு ஆடுனாக. ஒங்களுக்கு என்னத்தாக் கொறச்சல்?"

கடைசியாகத் தேவயானி பெயர் வந்தது. தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். படத்தில் பந்தோடு நடுவில் நிற்பவள். என் மகள். கப்போடு வந்து ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். அதற்குப் பிறகுதான் காலேஜில் இரக்கப்பட்டு எனக்கு இந்தச் சமையல் வேலை கொடுத்தார்கள்.

இந்தப் பிள்ளைகளும் ஆடத்தான் செய்கிறார்கள். ஆனால் பந்தைக் கொடுக்க மனசு வராது. தவறவிட்டால் ஒருத்தியை ஒருத்தி கைகாட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் அப்படி இல்லை.

24.1.2008

மதுரைக் காலேஜோடு பிராக்டிஸ் மேட்ச். பதினொரு பாயிண்டில் தோற்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெளியே சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

30.1.2008, புதன்

இன்று ஜெயித்துவிட்டார்கள். யுவராணி மட்டும் இருபத்திரண்டு பாயிண்ட். ஜெயமங்கலத்துப் பிள்ளை, கறுத்து ஒல்லியாக இருப்பாள். எம்பினாள் என்றால் ஒரு நொடி மேலேயே நிற்கிற மாதிரி இருக்கும்.

வாட்ச்மேன் அய்யாத்துரை அண்ணன் டீ வாங்க வந்தவர், "பிச்சையம்மா, இந்தப் புள்ள ஒம்மகளைத் தாண்டிரும் போலயே" என்றார்.

"தாண்டட்டும்ணே" என்றேன். டீயில் சீனி போட மறந்துவிட்டேன்.

கப்பையும் ஜெயித்தால் வாசலில் புதுப் படம் மாட்டுவார்கள். பழையது லைப்ரரிக்குப் போகும் என்று பேச்சு. அங்கே யார் போய் அவளைப் பார்ப்பது?

3.2.2008, ஞாயிறு

முத்துலட்சுமி வந்திருந்தாள். அந்த டீமில் ஆடியவள், இப்போது தேனியில் போலீஸ். பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல சார் கூப்பிட்டிருக்கிறார்.

சார் சொன்னார்: "தேவயானிக்கு மஞ்சக்காமாலை. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. மறைச்சு வச்சு ஃபைனல் ஆடிக் கொடுத்துட்டுப் போனா. அது டீமு. நீங்க கால்ல கொப்புளம்னு உக்காருறீக."

முத்துலட்சுமி சிரித்துக்கொண்டே, "சார், நாங்களும் லேசுப்பட்டவுக இல்ல. நானும் தேவயானியும் ஒரு சோப்பு டப்பாவுக்காக ஒரு மாசம் பேசாம இருந்தோம். பந்தைக்கூட மூஞ்சியப் பாக்காமத்தேன் எறிவோம்" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். யுவராணி சிரிக்கவில்லை. அண்ணாந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போகும்போது முத்துலட்சுமி என் கையைப் பிடித்து, "நல்லா இருக்கீகளாத்தே?" என்றாள். அவள் யூனிபார்ம் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

8.2.2008, வெள்ளி

வெள்ளிக்கிழமை பூரி. யுவராணி எப்போதும் ஏழு தின்பாள். இன்று எண்ணெய் வாடை பட்டதும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். குழாயடியில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

ஹாஸ்டலில் போன வாரம்தான் இரண்டு பிள்ளைகள் காமாலை என்று வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் சரியில்லை.

போய் அவள் முகத்தைத் திருப்பி, கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

9.2.2008

தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அத்தே, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன், சார்ட்டச் சொல்லிராதீக. பதினஞ்சாந் தேதி ஃபைனல். அதை ஆடிட்டா சர்டிபிகேட் வந்துரும். எங்கய்யாவுக்கு நடக்க முடியல, நாந்தேன் போலீசுக்குப் போகணும்."

"அடியே, செத்துப் போவடி."

"ஊர்ல கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்துவிட்டாக. மூணு நாள்ல எறங்கிரும். தேவயானி அக்கா ஆடுனாகல்ல?"

ஆடினாள்.

10.2.2008, ஞாயிறு

எழுதிரணும். எழுதாட்டி வாயில வராது.

தேவயானி மறைச்சாள்னு சார் சொல்றாரு. ஊரே சொல்லுது. நானும் பதினோரு வருசமாத் தலையாட்டிக்கிட்டு இருக்கேன். அவ மறைக்கல. எங்கிட்டச் சொன்னா. அடுப்படியில வந்து நின்னுக்கிட்டு, "யம்மா, ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதும்மா. நிக்க முடியல. மேட்சுக்குப் போகலம்மா" ன்னா.

கண்ணை விரிச்சுப் பாத்தேன். மஞ்சள் அப்பிக் கிடந்துச்சு.

இங்கிலீஷ் டாக்டர்கிட்டப் போனா ஊசி போட்டுக் கெடுத்துருவாக, பச்சிலையும் ஊசியும் சேந்தா ஆளைக் கொன்னுரும்னு எங்க தெருவே நம்புச்சு. நானும் நம்புனேன். கீழாநெல்லியை மோருல கலக்கிக் கொடுத்தேன். "இந்த ஒரு மேட்சை மட்டும் ஆடிட்டு வந்துரு ஆத்தா. சர்டிபிகேட் இருந்தா போலீஸ் வேலை. அப்புறம் ஒரு மாசம் படுத்துக்க" ன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி ஏத்திவிட்டேன். சன்னல் வழியா என்னையப் பாத்தா. கை ஆட்டல.

அவ காலேஜுக்காக ஆடல. நான் போகச் சொன்னேன்னு ஆடுனா.

நாளைக்குச் சொல்லணும். சொன்னா யுவராணி ஆட மாட்டா. அவ இல்லேன்னா கப் கிடையாது. அப்போ என் பிள்ளை படம் வாசல்லயே இருக்கும். — இதுக்காகச் சொல்றேனா? தெரியல. சத்தியமாத் தெரியல.

11.2.2008

சொல்லவில்லை. பயம்.

12.2.2008, செவ்வாய்

கையில் கரண்டியோடு கிரவுண்டுக்குள் போய்விட்டேன். கீழே வைக்க ஞாபகம் இல்லை.

"சார், யுவராணிக்கு மஞ்சக்காமாலை. கண்ணைப் பாருங்க."

"பொய் சார்!" என்று அவள் கத்தினாள். "இந்த அத்தைக்கு நான் ஆடுறதே பிடிக்கல சார்!"

சார் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ஒம்மக வாங்குன கப்பை இன்னொருத்தி தொட்டுறக் கூடாது. அதான பிச்சையம்மா?"

"ஆமா சார். அப்படி நெனச்சிருக்கேன். இவுக தோக்கணும்னு சாமி கும்பிட்டிருக்கேன். அதுக்கு என்னைய என்ன வேணாலும் செய்யுங்க. ஆனா இவ கண்ணைப் பாருங்க."

பிறகு தேவயானி விஷயத்தைச் சொன்னேன். மறைத்தது அவள் இல்லை, நான்தான் என்று. எல்லாப் பிள்ளைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ விட்ட பந்து தானாகக் குதித்துக் குதித்து வேலியோரம் போய் நின்றது.

சார் தொப்பியைக் கழற்றினார். வார்டன் டீச்சர்தான் யுவராணியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனார்கள். ஏறும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை —

15.2.2008

ஃபைனலில் தோற்றுவிட்டார்கள். பதினெட்டு பாயிண்ட். எனக்குச் சந்தோஷமாக இருக்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். இல்லை.

17.2.2008

பருப்புக் குழம்பில் டீம் பிள்ளை ஒருத்தி தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். வேண்டுமென்றுதான். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

அய்யாத்துரை அண்ணன் சொல்கிறார்: "ஆடியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. காமாலை வந்தவுக எல்லாமா சாகுறாக?"

இருக்கலாம். யாருக்குத் தெரியும்.

23.2.2008, சனி

தேவயானி போன நாள். வருசா வருசம் படத்துக்கு மாலை போட்டு என்னைக் கூப்பிடுவார்கள். இந்த வருசம் கூப்பிடவில்லை. பழனிசெட்டிபட்டி வீட்டில் நானே ஒரு முழம் பூ வாங்கி வைத்தேன்.

"யம்மா, போகலம்மா" என்றாள். அது இப்போது நாலு பேருக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவளுக்கு நான் செய்தது.

10.3.2008

யுவராணி ஹாஸ்டலுக்குத் திரும்பிவிட்டாள். பாதியாய் இளைத்திருக்கிறாள். என் கையால் வாங்கிச் சாப்பிடுவதில்லை. ரூமில் பிரெட் தின்கிறாளாம்.

19.3.2008

கர்ணன் சார் மெஸ்ஸுக்கு வந்தார். டீ குடித்தார். "அன்னைக்கு பஸ்ல தேவயானி தலையச் சாய்ச்சே வந்தா. மேட்சு பயம்னு நெனச்சேன். எழுப்பி உக்கார வச்சேன்" என்றார். டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் படத்துக்குக் கீழே யாரையும் நிறுத்துவதில்லை.

4.4.2008, வெள்ளி

ரெண்டாவது வந்த இந்த வருசத்து டீமுக்கும் படம் எடுத்து மாட்டினார்கள். பழையதைக் கழற்றவில்லை, பக்கத்திலேயே. நான் போய்ப் பார்த்தேன். பதினொரு பிள்ளைகள். அதில் யுவராணி இல்லை. ஃபைனல் அன்று ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சர்டிபிகேட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

இன்று பூரி. வரிசையில் ஒரு தட்டு நீண்டது. கையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிட்டது, அந்த நீள விரல். நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. நாலு வைத்தேன். தட்டு நகரவில்லை.

"ஏழு" என்றாள். கோபம் தீராத குரல்.

எண்ணி வைத்தேன். தட்டை எடுக்கும்போது ஒரு தடவை கண்ணைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.