நாற்பத்தொரு ஊசித்தட்டான்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

புரை ஆபரேஷன் செய்த கண்ணின் மேலிருந்த பிளாஸ்டிக் மூடியை இன்று எடுத்துவிட்டார்கள். குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, தூசியில் போகக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் பாடம் நடத்தியவள் நான். இத்தனை ‘கூடாது’களை ஒரே நாளில் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

சொட்டு மருந்து நான்கு வேளை. விடுவது வீட்டுக்காரர். “மேல பாரு. அசையாத. வாத்தியாரம்மாவா இருந்துட்டு இப்படி நெளியறியே, உன் பிள்ளைங்க பாத்தா என்ன நினைக்கும்?” பாதி மருந்து கன்னத்தில் போகிறது.

நூலகர் போன் செய்தாள். புத்தகத்தின் மெய்ப்பு இருபதாம் தேதி வருகிறதாம். ஞாயிறுதோறும் கால்வாய்க் கரையும் மூன்று குளங்களும் சுற்றி, கண்ணில் படுகிற தட்டானையும் ஊசித்தட்டானையும் எழுதி வைத்த பத்துப் பேரின் பன்னிரண்டு வருட வேலை அது. மற்றவர்கள் எழுதும் தாள்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. “நீங்க ரெஸ்ட் எடுங்க டீச்சர். நீங்க பாத்துக் குடுத்ததுக்கு மேல யாரு பாக்கணும்?” என்றாள்.

ரெஸ்ட்தான் முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குளியலறையில் ஒரு வேடிக்கை. புதுக் கண்ணை மூடிக்கொண்டு வாளியைப் பார்த்தேன்: பாசி பிடித்த மாதிரி பச்சை. பழைய கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்: பளிச்சென்று நீலம். மறுபடி மாற்றினேன். மறுபடி பச்சை.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இது என்ன நிறம் என்று கேட்டேன்.

“நீலம். வாங்கின அன்னைக்கே நீலம்தான்.”

“அப்ப நான் பச்சை வாளி, பச்சை வாளின்னு சொன்னப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“முப்பத்தாறு வருஷமா நீ சொல்றதுதானே இந்த வீட்டுல கலரு?”

சிரித்தேன். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்று அப்போது தெரியவில்லை.

ஆகஸ்ட் 6

இன்று முழுக்க ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். அடுப்பு ஜ்வாலை, சோப்பு உறை, மருந்துக்கடைப் பை, அவருடைய கோடு போட்ட சட்டை. எல்லாவற்றிலும் இரண்டு நிறம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டரிடம் கேட்டேன். எத்தனை நாளாக இப்படி இருந்திருக்கும்?

“நாளா? மூணு நாலு வருஷம் இருக்கும்மா. லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமா பழுப்பாகும். நீலம்தான் முதல்ல அடிபடும். மெதுவா நடக்கறதால உங்களுக்கே தெரிஞ்சிருக்காது.”

தெரியாதுதான். கரும்பலகை ஒரே நாளில் வெளுப்பதில்லை. தினமும் அதே பலகையில் எழுதுகிறவருக்கு அது கறுப்பாகவேதான் தெரியும். வெளியிலிருந்து வருகிற இன்ஸ்பெக்டர்தான் கேட்பார், என்னம்மா பலகை இப்படி இருக்கு என்று.

எழுதிவிடுகிறேன். எழுதாமல் நெஞ்சுக்குள் குடைகிறது.

எங்கள் கால்வாயில் ஒரு ஊசித்தட்டான் உண்டு. நெஞ்சில் இரண்டு பச்சைக் கோடு. நாங்கள் வைத்த பெயர் பச்சைப்பட்டை. எங்கும் இருக்கும். அச்சாக அதே போல, ஆனால் நீலக் கோடு போட்ட இன்னொன்றும் உண்டு. அது நம் வட்டாரத்தில் இல்லை என்றுதான் புத்தகத்தில் எழுதியிருக்கிறோம். எழுதியவள் நான்.

இரண்டு வருடம் முன்பு எங்கள் குழுவில் இருந்த தையல்காரர் அதைப் பார்த்ததாக நாற்பத்தொரு பதிவுகள் கொண்டுவந்தார். குழுவில் அவருக்கு ஊசிக்காரர் என்று பெயர், தொழிலுக்கும் பொருந்தும், பூச்சிக்கும் பொருந்தும் என்று. நிறம் எழுத வேண்டிய இடத்தில் அவர் நிறத்தையே எழுதவில்லை. கடையில் இருக்கிற நூல்கண்டின் எண்ணை எழுதியிருந்தார். ‘கோடு: நூல் 418. நெற்றி: நூல் 402.’ கண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், பூச்சியின் அருகே பிடித்து ஒப்பிட்டிருக்கிறார்.

நான் நாற்பத்தொன்றையும் சிவப்பு மையால் அடித்தேன். பிறகு நூலக மாடியில், எல்லாரும் இருக்கும்போது, பொறுமையாக, ஒரு உதாரணத்தோடு விளக்கினேன். “தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்னு கேட்டா, கை சுடுற அளவுக்குன்னு ஒரு பிள்ளை எழுதினா நான் மார்க் போட முடியுமா?” எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வந்தார். பிறகு வரவில்லை.

வேலை அதிகம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 9

அவரும் தப்பாகப் பார்த்திருக்கலாமே? இளம் பூச்சிக்கு நிறம் முழுசாக ஏறியிருக்காது. நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று. போன் படத்தில் நிறத்தை நம்ப முடியாது என்பது குழுவின் விதி. அந்த விதியைப் போட்டதும் நான்தான்.

இப்படிக் காரணம் தேடுகிற பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். பேப்பரைத் திருப்பித் தரும்போதே முகத்தில் தெரியும்.

என் சொந்த நோட்டுகளையும் எடுத்தேன். மூன்று வருடம். பச்சை, பச்சை, பச்சை. இதில் எத்தனை பச்சை?

வீட்டுக்காரர் சொன்னார்: “போய்ச் சொல்லிட்டு வந்துடு. கண்ணுல புரைன்னா யாரு உன்னைக் குத்தம் சொல்லப் போறாங்க?” அதைக் கேட்டதும் எத்தனை ஆறுதல்! இரண்டு வாய் சாப்பிட முடிந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நூலகரிடம் சொன்னேன்.

“இப்ப போயா டீச்சர்? அச்சுக்குப் பக்கமெல்லாம் கட்டியாச்சு.”

“அப்படியே விட்டா தப்பு அச்சுல ஏறிடும்மா.”

“யாருக்குத் தெரியும்?” கேட்டுவிட்டு அவளே சங்கடப்பட்டாள். “சரி, ஒரு அடிக்குறிப்பு போட்டுடலாம். தாளெல்லாம் இங்கதான் இருக்கு, பதிவுகளத் திரும்பச் சேத்துடறேன். டெய்லர் அண்ணன்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

ஒரு வார்த்தை.

ஆகஸ்ட் 12

போகவில்லை. வாசல்வரை போய், குடையை மறந்தேன் என்று திரும்பினேன். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

போய் வந்தேன்.

கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே நுழையத் தலையைக் குனிய வேண்டும். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, முழங்காலை மடக்கி, கழுத்தை நிமிர்த்தி, கோழி மாதிரி நுழைந்தேன். காவலாளி ஒருவர் தன் யூனிபார்ம் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“போன மாசம்தானே பிரிச்சேன்? இன்னும் துணி இல்லைங்க. இனி வயித்தைத்தான் பிடிக்கணும்.”

“பிடிச்சுப் பாத்தேன்பா. நிக்க மாட்டேங்குது.”

என்னைப் பார்த்ததும் ஊசிக்காரர் எழுந்தார். “வாங்க டீச்சர்,” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். காவலாளி போகும்வரை காத்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: ஆபரேஷன், வாளி, டாக்டர், நீலம் முதலில் போகும் என்பது. கரும்பலகை உதாரணத்தைக்கூடச் சொன்னேன். அவர் ஒரு சட்டையில் பித்தான் தைத்துக்கொண்டே கேட்டார்.

பிறகு அலமாரியிலிருந்து இரண்டு நூல்கண்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“புதுக் கண்ணை மூடுங்க. இதுல எது நீலம்?”

மூடினேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

“தெரியல.”

“இப்ப அந்தக் கண்ணை மூடுங்க.”

இடது பக்கம் நீலம், வலது பக்கம் பச்சை. யாரும் குழம்பவே முடியாது.

“ம். அப்ப நிஜம்தான்,” என்றார். கண்டுகளை எடுத்த இடத்திலேயே வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். மூச்சு சீராக வந்தது. புத்தகத்தில் அவர் பெயரைப் போடுவதைப் பற்றி ஆரம்பித்தேன்.

“டீச்சர், ஒண்ணு சொல்லலாமா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“உங்க கண்ணு தப்புன்னு சொல்றீங்க. சரி. ஆனா அன்னைக்கு நீங்க பூச்சியப் பாக்கவே இல்லையே. கால்வாய்ல உக்காந்திருக்கு, வாங்க காட்டறேன்னு நான் மூணு தடவை கூப்பிட்டேன். நீங்க மரத்தடியில உக்காந்து என் தாள மட்டும்தான் பாத்தீங்க. நூல் நம்பரப் பாத்தீங்க, சிரிச்சீங்க, அடிச்சீங்க. அதுல கண்ணு எங்க வந்துச்சு?”

குரல் உயரவே இல்லை. பித்தானைச் சுற்றி நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்தார்.

“பேர் போடுங்க, போடாதீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. படிக்கட்டில் தலை இடித்தது.

ஆகஸ்ட் 14

அந்த நாளின் என் நோட்டு. என் கையெழுத்து. ‘வெயில் கடுமை. தண்ணீர் வரை இறங்கவில்லை. மரத்தடியில் தாள்கள் திருத்தினேன்.’

திருத்தினேனாம்.

ஏன் போகல? முப்பது அடிகூட இருக்காது. மூணு தடவை கூப்பிட்டாராம். எனக்கு ஒரு தடவை கூப்பிட்டதுகூட ஞாபகம் இல்ல. நூல் நம்பருக்குப் பதிலா ‘இளநீலம்’னு அழகா எழுதியிருந்தா எழுந்து போயிருப்பேனா? போயிருப்பேன். இதே தாள நூலகர் நீட்டியிருந்தா? உடனே போயிருப்பேன்.

புரையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேனே, மருத்துவச் சான்றிதழ் மாதிரி. லீவு லெட்டர் கொண்டுவருகிற பிள்ளை மாதிரி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குழு கால்வாய்க்குப் போயிருக்கும். எனக்கு இன்னும் தூசி கூடாது. காலையிலிருந்து நான்கு முறை அலமாரியை அடுக்கினேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே, “அந்த டம்ளருங்க உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். அவரிடம் கடையில் நடந்ததைச் சொல்லியிருந்தேன். ‘யாரு குத்தம் சொல்லப் போறாங்க’ என்று அவர் இப்போது கேட்பதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

மெய்ப்பு வந்தது. நூலகரே கொண்டுவந்தாள். பக்கம் எழுபத்தேழு. நாற்பத்தொரு பதிவுகளும் திரும்ப ஏறியிருக்கின்றன, நூல் எண்களோடு. கீழே பொடி எழுத்தில்: ‘பரிசீலகரின் கண்புரை காரணமாக இப்பதிவுகள் முன்பு தவறுதலாக நீக்கப்பட்டன.’

நல்ல பெண். எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாள்.

பேனாவை எடுத்து அதை அடித்தேன். ஓரத்தில் எழுதினேன்: ‘இப்பதிவுகளைப் பரிசீலகர், பூச்சியை நேரில் பார்க்காமலே நீக்கினார். இவை இனிமேல்தான் பார்க்கப்பட வேண்டும்.’

“டீச்சர்! இது எதுக்கு? இதைப் படிச்சா மத்த பக்கத்தையும் நம்ப மாட்டாங்களே.”

“மத்த பக்கத்துல பாத்தேன்மா. இதுலதான் பாக்கல.”

“மூணு வருஷத்துப் பச்சை?”

அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன். அந்த மூன்று வருடத்தில் நான் எழுதிய பச்சைப்பட்டை எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று. அது கண்ணால் வந்தது. அதற்குப் புரை என்றே போடலாம்.

அவள் கண் கலங்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இதில் அழ என்ன இருக்கிறது? டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 23, சனி

திருத்திய பக்கத்தின் நகலை வீட்டுக்காரரிடம் கொடுத்து ஊசிக்காரருக்கு அனுப்பினேன். அவருக்கும் ஒரு பேண்ட் குறைக்க வேண்டியிருந்தது.

“என்ன சொன்னார்?”

“படிச்சார். மடிச்சுக் கத்திரிக்கோல் அடியில வெச்சார்.”

“அப்புறம்?”

“நீளம் எவ்வளவு குறைக்கணும்னு கேட்டார்.”

“அவ்வளவுதானா?”

“ரெண்டு இஞ்சுன்னு சொன்னேன்.”

ஆகஸ்ட் 31

ஒன்றுமில்லை. வருவார் என்று ஏன் எதிர்பார்க்கிறேன்? வராமலிருக்க அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனாலும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன். இன்று மட்டும் பால்காரர், பேப்பர்காரர், பக்கத்து வீட்டு மருமகன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

டாக்டர் அனுமதித்துவிட்டார். முதல் முறையாகக் கால்வாய்க்குப் போனேன். பாலத்தருகே நூலகரும் மற்றவர்களும் நின்றிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, தனியாக, சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஊசிக்காரர்.

அவர் என்னிடம் வந்து பழைய தாள்களின் நகலை நீட்டினார். “முதல் பதிவு, டீச்சர். இதே இடம்தான். பாத்துச் சொல்லுங்க.”

தாளை வாங்கவில்லை. “எங்க உக்காந்திருக்கு, காட்டுங்க,” என்றேன்.

சேற்றில் இறங்கினோம். செருப்பு ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது. அவர் நாணல் ஓரம் குந்தி விரலை நீட்டினார். “அதோ. அன்னைக்கும் இது மாதிரிதான். நீலம் தெரியுதா?”

தெரிந்தது. புதுக் கண்ணுக்கு அந்த நீலம் கூசியது. அவர் சொன்ன நீலமேதான். ஆனால் அது இறக்கைகளை முதுகோடு சேர்த்து மூடி உட்காரவில்லை. பாதி விரித்து வைத்திருந்தது. நாங்கள் தேடுகிற இனம் அப்படி உட்காராது.

சொல்லாமல் இருந்துவிடலாமா? இன்றைக்கு மட்டும்?

“நீலம் சரிதாங்க,” என்றேன். “ஆனா இது அது இல்ல. றெக்கையப் பாருங்க.”

அவர் பார்த்தார். நெடுநேரம், அசையாமல். பூச்சி ஒருமுறை எழும்பி, அதே தண்டில் வந்து அமர்ந்தது. மறுபடி பாதி விரித்தது.

“அட,” என்றார் மெதுவாக. “கலரையே பாத்துட்டு இருந்திருக்கேன்.”

என் கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த வரியை அவரே அடித்தார்.

“மிச்சம் நாப்பது இருக்கு. அடுத்தது மதகுகிட்ட. வழுக்கும், பாத்து வாங்க டீச்சர்,” என்று முன்னால் நடந்தார்.